நான் நன்றி சொல்லிக் கெடுத்த கஞ்சி

குறை சொல்வதற்கும் ஒரு ஞானம் வேண்டும். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. எனக்கு வாய்த்திருந்தது. ஞானஸ்நானம் கொடுத்த அன்று தண்ணீர் ஜில்லென்று இருந்ததற்காக நான் போட்ட கூச்சலில், சாமியார் மீதி ஜெபத்தை வாயசைப்பிலேயே முடித்துவிட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். அன்று தொடங்கியவன் நாற்பத்திரண்டு வயதுவரை ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

தொழிலும் அதற்கேற்றாற்போல் அமைந்தது. காரைக்கால் பக்கம் கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிகளை எடை போட்டு அனுப்பும் இடத்தில் எனக்கு வேலை. தார்ப்பாய் சரியாகக் கட்டவில்லை, சீட்டில் கையெழுத்து இல்லை என்று ஒவ்வொரு லாரியிலும் ஏதாவது கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். சாயங்காலம் தருமபுரத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் தொடர்வேன்.

என் மனைவி ரெஜினா மிக நன்றாகச் சமைப்பாள். (இதை இப்போது எழுதுகிறேன். அப்போது வாய் திறந்து சொன்னதில்லை.) கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவள் சமைத்த எதையும் நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னது கிடையாது. மிக நன்றாக இருந்தால் 'பரவாயில்ல' என்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுவா மீன் குழம்பு அமிர்தமாக இருந்தது. 'இவ்வளவு புளி தேவையில்ல' என்று சொல்லிவிட்டு மூன்றாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "அவரு நாக்கு தராசு மாதிரி, ஒரு கல்லு உப்பு கூடுனாலும் சொல்லிடுவாரு" என்று தெருவில் பெருமையாகவே பேசிக்கொள்வாள். அந்தப் பெருமையில் நானும் குளிர் காய்ந்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷம் எங்கள் பங்குக்குப் புதுச் சாமியார் வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். திருநீற்றுப் புதன் அன்று எல்லோர் நெற்றியிலும் சாம்பலைப் பூசிவிட்டுப் பிரசங்கம் வைத்தார்.

"தவக்காலத்துல கறி மீன விடுறது பெரிய காரியமில்ல. முணுமுணுப்ப விட்டுப் பாருங்க. வானத்துலேருந்து மன்னா விழுந்தப்பகூட வெங்காயம் இல்லையேன்னு அழுத ஜனங்க இருந்தாங்க. அவங்க எங்கயும் போயிடல, இங்கதான் உக்காந்திருக்காங்க. இந்த நாற்பது நாளும் எது நடந்தாலும் ஆண்டவரே நன்றின்னு சொல்லிப் பாருங்க. உள்ளது போதும்னு மனசுல ஒரு நிறைவு வரும்."

பெண்கள் பக்கத்திலிருந்து ரெஜினா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளோடு சேர்ந்து இன்னும் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் அந்த வாரம் நடந்தது. அதில் எழுந்து நின்று, உயிர்ப்பு ஞாயிறுவரை என் வாயிலிருந்து ஒரு குறையும் வராது, நன்றி மட்டும்தான் வரும் என்று அறிவித்தேன். பக்கத்து வீட்டு செலின் டீச்சர்தான், "ஒரு வாரம் இருந்து பாருங்க சார். ஒடம்புக்கு ஒத்துக்கலன்னா விட்டுடுங்க" என்றார்.

ஒத்துக்கொண்டது. வெள்ளைச் சட்டையில் கரித்தூசி படிந்தால், சட்டை கொடுத்தீரே ஆண்டவரே, நன்றி. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தால், நிற்கக் கால் கொடுத்தீரே, நன்றி. ஒரு ரசீதுக்காக ஓர் ஆபீசில் மூன்று நாள் அலையவிட்டார்கள். மூன்றாவது நாள் கவுன்டரில் நின்று கண்ணை மூடி, பொறுமையைக் கற்றுக்கொடுக்க இந்த அண்ணனை அனுப்பினீரே, நன்றி என்று சத்தமாகவே சொன்னேன். அந்த அண்ணன் பயந்துபோய் உடனே ரசீதைப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆனால் சாமியார் சொன்ன நிறைவு மட்டும் வரவில்லை. சொல்லாமல் விட்ட குறைகளெல்லாம் நெஞ்சுக்குள் வரிசை கட்டி நின்றன. வரிசை நாளுக்கு நாள் நீண்டது.

குருத்து ஞாயிறு பிரசங்கத்தில் சாமியார் என் பெயரைச் சொல்லிவிட்டார். "நம்ம சேவியர் சாரப் பாருங்க. நாப்பது நாளா ஒரு முணுமுணுப்பு உண்டா? மனுசன் மாறலாம்." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்தத் தடவை மரியாதையோடு பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தாழ்ச்சியாகக் குனிவது எப்படி என்று முதல் நாளே கண்ணாடி முன்னால் பார்த்துவைத்திருந்தேன். (பேர் சொல்வார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.)

அடுத்த வெள்ளி, பெரிய வெள்ளி. எங்கள் கோயிலில் அன்று காலை சிலுவைப்பாதை முடிந்ததும் கஞ்சி ஊற்றுவார்கள். அரிசி, பாசிப்பருப்பு, பூண்டு, வெந்தயம், கடைசியில் தேங்காய்ப்பால். தொட்டுக்கொள்ள மாங்காய்த் துவையல். வேதக்காரர்களுக்கு மட்டும் என்றில்லை. ஆட்டோக்காரர், கடைக்காரர், வழியில் போகிறவர், எல்லோரும் வாங்கிக் குடிப்பார்கள். பல வருஷமாக அதைப் பொறுப்பாகச் செய்துவந்த மத்தில்தா அக்கா, மகனோடு இருப்பதற்காக அந்த வருஷம் பிரான்சுக்குப் போய்விட்டார். கரண்டி ரெஜினா கைக்கு வந்தது.

அவள் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "ஏங்க, ஊரே குடிக்கப் போவுது. ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சின்னா, மத்தில்தா இருந்தப்ப எப்புடி இருந்துச்சி தெரியுமான்னு காலம் பூரா பேசுவாங்க. எனக்கு வெளில தல காட்ட முடியாது."

இதில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய வெள்ளி அன்று பெண்கள் அத்தனை பேரும் ஒருசந்தி. கஞ்சி ஊற்றி முடிக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. சமைக்கிறவர்களும் அப்படித்தான். மத்தில்தா அக்கா ஆவியை முகர்ந்து பார்த்தே உப்பைச் சொல்லிவிடுவார். ரெஜினாவுக்கு அந்த வித்தை கைகூடவில்லை. ஆனால் அவளிடம் நான் இருந்தேன். எனக்கு அல்சர் என்பதால் ஒருசந்தியிலிருந்து விலக்கு. "நீங்க ஒரு வாய் குடிச்சிட்டு சரின்னு சொல்லிட்டா, அப்பறம் எனக்கு ஒரு பயமும் இல்ல" என்றாள்.

அரிசி குரும்பகரத்திலிருந்து வந்தது. என்னோடு வேலை பார்க்கும் கலியபெருமாளுக்கு அங்கே வயல். அவர் இந்து. ஆனாலும் வருஷா வருஷம் பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு அரிசி அவருடையதுதான். லீவு நாளானாலும் ஸ்கூட்டரில் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, இருந்து குடித்துவிட்டுத்தான் போவார்.

நடந்தது இதுதான். அரிசி பாதி வெந்தபோது ரெஜினா உப்பைப் போட்டுவிட்டுத் தேங்காய் பிழியப் போனாள். அடுப்பைப் பார்த்துக்கொண்ட செலின் டீச்சர், இன்னும் உப்புப் போடவில்லை என்று நினைத்து, அவரும் அதே அளவு போட்டார். டீச்சருக்கு எதையும் குறைத்துச் செய்து பழக்கமில்லை. இது அப்போது யாருக்கும் தெரியாது.

சிலுவைப்பாதையின் கடைசி நிலையான பதினான்காவது ஸ்தலம் முடியும் நேரத்தில் ரெஜினா ஒரு டம்ளரில் கஞ்சியை ஊற்றி, ஆற்றி, என் கையில் கொடுத்தாள். சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள். நான் ஒரு வாய் குடித்தேன்.

காரைக்கால் கடலில் குளிக்கும்போது அலை முகத்தில் அடித்து வாய்க்குள் போகுமே, அந்த ருசி. நடுவில் கொஞ்சம் பூண்டு.

நாற்பது நாளாக வரிசையில் நின்ற குறைகளெல்லாம் ஒன்றாக எழுந்து தொண்டைவரை வந்தன. வாயையும் திறந்துவிட்டேன். அப்போது செலின் டீச்சர், "அவரு என்ன சொல்லப்போறாரு, நன்றின்னுதான் சொல்வாரு. நாப்பது நாள் தவம்ல" என்றார். மற்றவர்கள் மரியாதையோடு பார்த்தார்கள். குருத்து ஞாயிறு பார்த்த அதே மரியாதை. இன்னும் இரண்டே நாள். இங்கே வந்து கவிழ்வதா?

தண்ணீர் சேர்க்கச் சொல்லியிருக்கலாம். தேங்காய்ப்பால் இன்னும் ஊற்றவில்லை. பக்கத்தில் அரை மூட்டை அரிசி கிடந்தது. எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. நான் கண்ணை மூடி, "ஆண்டவரே நன்றி. ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

ரெஜினா கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "என்ன சொன்னீங்க?"

"ரொம்ப நல்லா இருக்கு."

அவள் கண் கலங்கிவிட்டது. புகை என்று நினைத்தேன். "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

மூன்றாவது முறையும் சொன்னேன். சேவல் கூவுமுன் பேதுரு ஆண்டவரை மூன்று முறை மறுதலித்ததும் அந்த வெள்ளிக்கிழமைதான் என்பது அப்போது உறைக்கவில்லை. சேவல் எதுவும் கூவவில்லை. ரோட்டில் ஒரு கரி லாரிதான் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் முதல் ஆளே சொல்லியிருப்பார். ஆனால் பெரிய வெள்ளி அன்று யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, யாரும் குறை சொல்வதில்லை, முகம் வாடியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதும் இல்லை. ஒவ்வொருவராக வாங்கினார்கள், குடித்தார்கள், கண்ணை மூடினார்கள். சிலருக்குக் கண்ணீர் வந்தது. மர நிழலில் நின்ற ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "சிலுவையில தாகமா இருக்குன்னப்ப ஆண்டவருக்குக் காடியக் குடுத்தாங்கல்ல. அத நெனச்சிதான் இப்புடி செஞ்சிருக்காங்க. இந்த வருசம் ரொம்ப உருக்கமா இருக்கு."

இது வரிசை முழுக்கப் பரவியது. ஒரு டம்ளர் குடித்தவர்கள் பரிகாரமாக இன்னொன்று வாங்கினார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வாங்கினார்கள். சாமியார் மூன்று டம்ளர் குடித்துவிட்டு ரொம்ப நேரம் மண்டியிட்டிருந்தார்.

கலியபெருமாளுக்கு மட்டும் இந்த விளக்கம் போய்ச் சேரவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, முகம் வெளிறி என்னிடம் வந்தார். "சார், அரிசி எங்க கீழ வயல்ல வெளஞ்சது. நெலத்துல உப்புத்தண்ணி ஏறிடுச்சி போலருக்கு. நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் ரெஜினா குடித்தாள். ஒரே ஒரு வாய்தான். டம்ளரைக் கீழே வைத்தாள். வந்த ஜனத்தைப் பார்த்தாள், காலியான கஞ்சித் தேக்சாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நேராக என்னிடம் வந்தாள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவள் என் நெற்றியில் கையை வைத்தாள்.

"ஏங்க, காய்ச்சல் அடிக்குதா? நாக்குல ருசி தெரியலயா?"

என் நாக்குப் பொய் சொல்லும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தராசு கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தாள். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான், "ரெண்டு நாளா ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும், ஒட்டிக்கொள்ளும் காய்ச்சலோ என்று எனக்குத் தனி ரூம், தனித் தட்டு. சாயங்காலம் ஒரு டம்ளர் நிலவேம்புக் கஷாயத்தோடு வந்து, மூக்கையும் வாயையும் துப்பட்டாவால் மூடிக்கொண்டு கதவோரம் நின்றாள். "குடிச்சிட்டு சொல்லுங்க, கசக்குதா?"

நிலவேம்பு குடித்தவர்களுக்கு என் நிலைமை புரியும். கசக்கிறது என்றால் நாக்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நாக்கு நன்றாக இருந்தால் காலையில் சொன்னது பொய். ஒரு மடக்குக் குடித்தேன். முகத்தில் ஒரு தசையும் ஆடவில்லை. "தண்ணி மாதிரி இருக்கு" என்றேன்.

மறுநாள் காலையில் பாகற்காய்ச் சாறு. அதுவும் தண்ணீர் மாதிரி இருந்தது. அதற்கப்புறம் அடுக்களையில் அவள் ஜெபம் சொல்வது கேட்டது. "ஆண்டவரே, ஊர் முன்னாடி எனக்கு அவமானம் வந்தது போவட்டும். அவரு நாக்கத் திருப்பிக் குடுத்துடுங்க. அவரு கொற சொல்லாம எனக்கு சமைக்கவே ஓடலயே." பாகற்காய்கூட அப்படிக் கசக்கவில்லை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குக் கிளம்பினேன்.

சனிக்கிழமை என்பதால் கோயிலில் கூட்டம். என் முறை வந்தது. மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நன்றி, கஞ்சி, மூன்று முறை, கலியபெருமாள் வயல், நிலவேம்பு. தட்டிக்கு அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. மூன்று டம்ளர் குடித்தவர் அல்லவா, யோசிக்க வேண்டியது நிறைய இருந்திருக்கும்.

"சார்," என்றார் கடைசியில். "நான் முணுமுணுப்ப விடச் சொன்னேன். உப்பு கூடன்னு அடுப்புகிட்ட சொன்னா அது முணுமுணுப்பு இல்ல. அது தகவல்."

"ஆமா சாமி."

"நேத்து நான் உருகி உருகி ஜெபிச்சேன் சார்."

"பாத்தேன் சாமி."

பரிகாரமாக ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நூறு கேட்டாலும் சொல்லியிருப்பேன். "ரெண்டு பேர்கிட்டயும் உண்மையச் சொல்லிடுங்க. அவ்வளவுதான்" என்றார். ஜெபமாலையாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார்.

கலியபெருமாளுக்குக் கோயில் வாசலிலிருந்தே போன் போட்டேன். அவர் பரிசோதனைக்கு அனுப்ப வயலில் நான்கு மூலையிலும் மண் அள்ளிப் பைகளில் கட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். "காலைலேருந்து எங்க ஊட்டுல யாரும் சாப்புடல சார்" என்றார். அவர் நான்கு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ரெஜினாவிடம் உயிர்ப்பு ஞாயிறு காலையில்தான் சொல்ல முடிந்தது. கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அடுக்களை வாசலில் நின்று, என் நாக்குக்கு ஒன்றும் இல்லை, முதல் வாயிலேயே உப்புத் தெரிந்தது, பேருக்கு ஆசைப்பட்டுச் சொல்லாமல் விட்டேன் என்றேன். இருக்கிற சுமையோடு இதையும் இறக்கிவிடலாம் என்று, என் அல்சர் ஆறி இரண்டு வருஷம் ஆகிறது, ஒருசந்திக்குப் பயந்து அதையும் சொல்லவில்லை என்றேன்.

அல்சரை அவள் காதில் வாங்கவே இல்லை. அடுப்பைக் குறைத்தாள். "அப்ப அந்த மூணு தடவையும்?"

"மூணும் பொய்தான்."

"உப்பு கெடக்குது. போயிட்டுப் போவுது" என்றாள். திரும்பவில்லை. "பன்னெண்டு வருசத்துல மொத மொதலா நல்லா இருக்குன்னு சொன்னீங்க. அத நெனச்சிக்கிட்டேதான் அத்தன பேருக்கும் சந்தோசமா ஊத்துனேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடவுளுக்கு நன்றி சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. எதற்கு என்று அவர் எதிரில் நின்று கேட்பதில்லை. பஸ்ஸுக்கும் கரித்தூசிக்கும் ரசீதுக்கும் நாற்பது நாள் நன்றி சொன்னவன், தினமும் மூன்று வேளை சோறு போட்டவளிடம் ஒரு தடவைகூட உண்மையாகச் சொன்னதில்லை. அந்தக் கறியை அன்று சாப்பிட்டபோது சாமியார் சொன்ன அந்த நிறைவு முதல் தடவையாக வந்தது. உள்ளது போதும், இதற்குமேல் என்ன வேண்டும் என்று தோன்றியது. "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். மனதாரச் சொன்னேன்.

அவள் நம்பவில்லை.

இன்றுவரை முழுசாக நம்புவதில்லை. விஷயம் செலின் டீச்சர் காதுக்குப் போய், அங்கிருந்து ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் சொந்தத்தில் உப்புக் கூடிய எந்தப் பதார்த்தத்துக்கும் 'சேவியர் நன்றி' என்று பெயராகிவிட்டது. கல்யாண வீடுகளில் சாம்பார் வாளியோடு வருகிறவரிடமே "இது சாதாவா, சேவியர் நன்றியா?" என்று கேட்கிறார்கள். மத்தில்தா அக்கா பிரான்சிலிருந்து போனில், "நேத்து சூப்புல உப்பு கூடிப்போச்சிடா தம்பி, ஒன்னத்தான் நெனச்சேன்" என்கிறார்.

கஞ்சிப் பொறுப்பு ரெஜினாவிடமே இருக்கிறது. ஆனால் இப்போது அவளே ருசி பார்க்கிறாள். ஒரு வாய் பார்ப்பதால் ஒருசந்தி முறியாது என்று சாமியார் எவ்வளவோ சொன்னார். அவளைப் பொறுத்தவரை முறியும். சின்ன வயதில் முதன்முதலாக நற்கருணை, அதாவது புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து அவள் விடாமல் பிடித்த பெரிய வெள்ளி ஒருசந்தியை, அல்சர் ஆறியவன் தலையில் கட்டிவிட்டாள். நான்தான் இப்போது பிடிக்கிறேன். சிலுவைப்பாதை முடிந்ததும் சாமியார் மைக்கில், "கஞ்சிய இந்த வருசமும் ரெஜினா அம்மாவே ருசி பாத்துட்டாங்க. எல்லாரும் பயமில்லாம குடிக்கலாம்" என்று அறிவிக்கிறார். வருஷத்தில் யாரும் சிரிக்கக் கூடாத அந்த ஒரு நாளில் கோயில் முழுக்கச் சிரிக்கிறது. கலியபெருமாள் வெளியே நின்றுகொண்டு எல்லோருக்கும் கடைசியாகச் சிரித்து முடிக்கிறார்.

இந்த வருஷமும் எல்லோருக்கும் ஊற்றி முடித்துவிட்டு, எனக்கு ஒரு டம்ளர் கஞ்சியும் தட்டில் துவையலும் கொண்டுவந்து கொடுத்தாள். காலையிலிருந்து பட்டினி. முதல் வாய் உள்ளே போனதும் உடம்பெல்லாம் நன்றி சொன்னது.

"எப்புடி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு."

நகராமல் நின்றாள்.

"துவையல்ல மட்டும் காரம் ஒரு சுத்து கம்மி" என்றேன்.

என் தட்டிலிருந்து துவையலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "ஆமா, கம்மிதான்" என்றாள். "அப்ப கஞ்சி நெசமாவே நல்லா இருக்கா?"

"நெசமா."

அப்போதுதான் சிரித்தாள்.